எங்கள் வீட்டில் இல்லாத கோழி

கூப்பாடு என்ற சொல் எங்கள் வீட்டில் பெண்களுக்கு மட்டுமே உரியது. அப்பா உரக்கப் பேசினால் அதற்குக் கோபம் என்று பெயர். சித்தப்பா கத்தினால் அவர் நியாயம் கேட்கிறார் என்று அர்த்தம். அம்மாவோ நானோ அடுத்த அறைக்குக் கேட்கும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், "எதுக்கு இப்பக் கூப்பாடு?" என்று வந்துவிடும்.

போன மாதம் எங்கள் பழைய தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஓர் இரங்கல் செய்தி வந்தது. நாகல் நகரில் எங்கள் தெரு முனையில் நோட்டு, பென்சில், மிட்டாய்க் கடை வைத்திருந்தவர் இறந்துபோனார். தெருக்கோயில் விழாக் கமிட்டிக்குப் பல வருடம் தலைவராக இருந்த மனிதர். ஆளுயர ஃபிளெக்ஸில் கைகூப்பி நிற்கும் படம். அதன் கீழே கும்பிடுகிற கைகளும் அழுகிற முகங்களுமாக ஆளாளுக்குப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். "குழந்தைகள்னா உயிரையே விடுவார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "எல்லாக் குழந்தைகளும் அப்படிச் சொல்லமாட்டார்கள்" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, சித்தப்பாவிடமிருந்து பதில் வந்தது. "செத்தவர் காரியத்துல எதுக்கும்மா கூப்பாடு? அழிச்சிரு."

சத்தமே இல்லாமல் விரலால் தட்டிய ஒரு வரி. அதுவும் கூப்பாடாகிவிட்டது.

ஆத்திரத்தில் அந்தச் சொல்லையே எடுத்துவைத்துப் பார்த்தேன். சாப்பிடுவதிலிருந்து சாப்பாடு வந்ததுபோல் கூப்பிடுவதிலிருந்து வந்ததுதான் கூப்பாடு. அவ்வளவுதான் அதன் பூர்வீகம். ஒருவர் கூப்பிட்டால் இன்னொருவர் காதில் விழக்கூடிய இடைவெளியைக் கூப்பிடு தூரம் என்று சொல்லி, அதை ஓர் அளவாகவே வைத்திருந்தார்கள் நம்மவர்கள். அப்படியென்றால் கூப்பாடு போடுகிறவள் யாரையோ வரச்சொல்லி அழைக்கிறாள். எழுந்து வர மனமில்லாதவர்கள் அதற்குக் காதைப் பொத்திக்கொள்கிறார்கள், பிறகு அதையே வசவாகத் திருப்பி அவள் மேல் எறிகிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அகராதி தேவைப்பட்டிருக்கக் கூடாது. ஒன்பது வயதில் ஒரு முழுக் கூப்பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்தது மட்டுமல்ல, அதைக் கெடுத்தவளும் நான்தான்.

கூப்பாடு போட்டது என் அத்தை, அப்பாவின் தங்கை. புருஷன் வீடு சரிப்படாமல் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வேடசந்தூர் சாலையில் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மில்லுக்குள் மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்கவேண்டும். அந்தக் குரல் அப்படியே அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. காய்கறிக்காரரிடம் வெண்டைக்காய் விலை கேட்டால் தெருவின் கடைசி வீட்டில் பதில் சொல்வார்கள். தலைமுடியில் ஒட்டிய பஞ்சோடு அவள் உள்ளே நுழைந்ததும் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார். எனக்கும் அவளோடு கடைவீதிக்குப் போக வெட்கமாகத்தான் இருக்கும்.

தெருமுனைக் கடைக்காரரைப் பிள்ளைகள் நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். மீதிச் சில்லறையை உள்ளங்கையில் வைத்துவிட்டு அவர் கையை விடமாட்டார். கடைக்குப் பின்புறம் நோட்டுக் கட்டுகள் அடுக்கிய இருட்டு அறை ஒன்று உண்டு. "உள்ள வந்து நீயே எடுத்துக்க பாப்பா" என்பார். அதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. ஒருநாள் கோடு போட்ட நோட்டு வாங்கப் போனவள் நோட்டை வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்துவிட்டது.

ஒற்றைச் செருப்பைப் பார்த்துக் கேட்டது அத்தைதான். "இன்னொண்ணு எங்கத்தா?" நான் இனி அந்தக் கடைக்குப் போகமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவள் உட்காரவைத்துக் கேட்டாள். சொன்னேன். அடுப்படியில் இருந்த அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து சமையலறைக் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலை அப்பா வரும்போது அவர் கையில் என் இன்னொரு செருப்பு இருந்தது. "பாப்பா விட்டுட்டுப் போயிருச்சுன்னு கூப்பிட்டுக் குடுத்தாரு. எம்புட்டு அக்கறை பாரு" என்றார். அம்மா அவரை உள்ளே அழைத்துப்போய்ப் பேசினாள். அம்மாவின் குரல் கேட்கவில்லை, அப்பாவின் குரல்தான் கேட்டது. பேத்தி மாதிரி நினைத்துக் கொஞ்சியிருப்பார், பெரிய மனிதரைப் பற்றி இப்படிப் பேசலாமா, பெண்பிள்ளை விஷயம், வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளுக்குத்தான் கெட்ட பெயர். "நீ போயி அவன் சட்டையப் பிடிண்ணே" என்று அத்தை வாசற்படியில் நின்று சொன்னாள். "கூப்பாடு போடாத" என்றார் அப்பா. அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டதாக அவர் நினைத்தார். அவர் இன்றைக்கும் நல்ல மனிதர் என்றுதான் பெயரெடுத்திருக்கிறார். அந்தச் செருப்பை அந்தக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தாரே, அதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வீடு அமைதியாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் கோழி காணாமல் போனால் அதற்கென்று ஒரு முறை உண்டு. பறிகொடுத்தவள் தெருமுனைக்கு வந்து நின்று, ஒரு கை மண்ணை எடுத்து வீசி, எடுத்தவனைத் திட்டித் தீர்ப்பாள். ஆனால் பெயர் சொல்லமாட்டாள், யார் என்று தெரிந்திருந்தாலும் சொல்லமாட்டாள். கேட்பவர்கள் யாரும் பதில் பேசக்கூடாது. அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். மீறி வாயைத் திறக்கிறவன் எவனோ அவன்தான் கோழியை எடுத்தவன் என்று தெரு முடிவு செய்துகொள்ளும். இதை எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. பெண்கள் குழாயடியில் கற்றுக்கொள்வது. ஒன்பது வயதில் எனக்கு இது தெரியாது.

எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் பல நாளைக்கு ஒருமுறைதான் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் வந்தது. குடங்கள் வரிசையில் நின்றன, பெண்கள் எல்லோரும் குழாயடியில் இருந்தார்கள், ஆண்கள் டீக்கடையில் இருந்தார்கள். அப்பா கறி வாங்கப் போயிருந்தார். அம்மா கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தில் மண் எடுத்துக்கொண்டிருந்தாள். செடி மாற்றப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கள் தெரு முழுக்கச் சிமெண்ட், ஒரு கை மண்ணுக்கும் வழி கிடையாது. அம்மா கிண்ணத்தை நீட்ட, அத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

கடைக்கு எதிரே, தெருவின் நடுவில் போய் நின்றாள் அத்தை. மெஷின் சத்தத்தை மீறிப் பழகிய குரலுக்கு அன்று எதிரே ஒரு மெஷினும் இல்லை.

"எவன்டா என் வீட்டுக் கோழிக்குஞ்சு மேல கைய வச்சவன்? இத்தினிக்கூண்டு குஞ்சுடா அது! தெருவுல நாலு வீடு தள்ளி மேயப் போனது ஒரு குத்தமா? அது நம்பி வந்துச்சேடா! தொட்ட கை வெளங்குமா? பாத்த கண்ணு வெளங்குமா? பேரு சொல்லமாட்டேன். எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், மேல இருக்கிறவனுக்கும் தெரியும்!"

மண்ணை வீசினாள். கடைப் படியில் போய் விழுந்தது. டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்கள் அப்படியே நின்றன. குழாயடியில் பேச்சு நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தேடினேன். உண்மையாகவே குஞ்சு ஒன்று காணாமல் போய்விட்டது என்று நினைத்து, நின்றிருந்த ஆட்டோவுக்கு அடியிலும் சாக்கடை மூடிக்குப் பக்கத்திலும் குனிந்து குனிந்து பார்த்தேன். நடுவில்தான் எனக்கு உறைத்தது, எங்கள் வீட்டில் கோழியே இல்லையே என்று. என் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பள்ளியில் என் கதி என்ன ஆகும் என்று அழுகை வந்தது. அத்தையின் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவள் நிறுத்தவில்லை.

அப்போதுதான் கடைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்து படியிறங்கி வந்தார். சிரித்த முகம், நெற்றியில் விபூதி. அத்தையை அவர் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கும்படி, வாத்தியார் கேள்வி கேட்பதுபோல் கேட்டார். "பாப்பா, நீ பொய் சொல்லாத புள்ள. உங்க வீட்ல கோழி வளக்குறீங்களா?"

நான் கையைக் கட்டிக்கொண்டேன். வகுப்பில் அப்படித்தான் நிற்போம். "இல்ல தாத்தா. எங்க வீட்ல கோழியே கெடையாது. அப்பாவுக்குப் பிடிக்காது."

டீக்கடையில் சிரிப்பு கிளம்பியது. "கேட்டுக்கிட்டீங்களா? இல்லாத கோழிக்கு இம்புட்டுக் கூப்பாடு" என்று அவர் ஆண்கள் பக்கம் திரும்பி, நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுழற்றிக் காட்டினார். புருஷனை விட்டு வந்தவள், பாவம், என்று அந்த விரலே சொல்லிவிட்டது. எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். எந்தப் பிள்ளைக்குச் செய்தானோ அந்தப் பிள்ளையையே சாட்சிக் கூண்டில் ஏற்றித் தனக்குச் சாதகமாகப் பேசவைத்தான். இதுவரை மரியாதையாக 'அவர்' என்று எழுதி வந்தேன், இந்த இடத்தில் கை வரவில்லை.

அத்தை அப்படியே நின்றாள். விரல்களில் மண் ஒட்டியிருந்தது. என்னை அடிக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஓங்கி ஓர் அறை விட்டிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த நேரத்தில் மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்வீட்டு மாடியில் ஓர் அக்கா குடியிருந்தாள். சின்னாளபட்டியிலிருந்து வரும் சுங்குடிச் சேலைகளை மடித்துக்கொடுக்கும் வேலை அவளுக்கு. அவள் பேசி யாரும் கேட்டதில்லை. என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்த அவள் மகளை முந்தைய வருடம் திடீரென்று பள்ளியை விட்டு நிறுத்தித் தொப்பம்பட்டியில் மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த அக்காதான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க வீட்டுக் குஞ்சும் போச்சு. போன வருசம். இதே எடத்துல."

சிரிப்பு பாதியில் நின்றது. மாடி வீட்டில் எப்படிக் கோழி வளர்ப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இட்லிமாவு விற்கும் அம்மா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். "எங்க வீட்லயும்தான்" என்றாள். பிறகு கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்கய்யா, கோழியப் பறிகொடுத்தவ கத்துறா. எடுக்காத ஆளு எதுக்குக் குறுக்க பேசுறீங்க?"

அந்தத் தெருவில் அன்று வாய் திறந்த ஒரே ஆண் அவர்தான். கெட்டிக்காரத்தனத்தில் அதை மறந்துவிட்டார். குழாயடிப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி அவரையே பார்த்தார்கள். குடம் நிரம்பித் தண்ணீர் தெருவில் ஓடியது, எங்கள் தெருவில் தண்ணீர் வீணாகி நான் பார்த்தது அன்று மட்டும்தான். அவர் படியேறி உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் ஷட்டர் இறங்கியது.

ஒரு தீர்ப்பு வந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். கறியோடு திரும்பிய அப்பாவுக்கு விஷயம் வழியிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. குடும்ப மானத்தைத் தெருவில் வைத்து வாங்கிவிட்டாள் என்று தங்கையின் மேல் பாய்ந்தார். என்னைப் பக்கத்தில் இழுத்து, "புள்ளைன்னா இப்பிடி இருக்கணும், உள்ளதச் சொன்னா பாரு" என்று தட்டிக்கொடுத்தார். கறியில் பெரிய துண்டு எனக்கு வந்தது. அதை நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். மற்ற வீடுகளில் புருஷன்மார்கள் அதட்டிக் கேட்டபோது அந்தப் பெண்கள் எல்லோரும் உண்மையான கோழியைப் பற்றித்தான் பேசினோம் என்று சாதித்துவிட்டார்கள். ஒரு கோழிகூட இல்லாத தெருவில் அன்று மூன்று கோழிகள் காணாமல் போயிருந்தன. புருஷன்மார்களுக்கும் அதை நம்புவது வசதியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கடை திறந்தது. அடுத்த திருவிழாவிலும் அவர்தான் கமிட்டித் தலைவர். அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வசூலுக்குப் போனார். மாறியது ஒன்றே ஒன்றுதான். தெருவில் எந்த அம்மாவும் அதற்குப் பிறகு பெண்பிள்ளையைத் தனியாக அந்தக் கடைக்கு அனுப்பவில்லை. ஏன் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லவில்லை. பென்சில் வேண்டுமென்றால் பெரிய சாலையைத் தாண்டி அடுத்த கடைக்கு நடந்தோம், லாரிகளுக்கு நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு. அவருக்குக் கிடைத்த தண்டனை அவ்வளவுதான். அந்த அவ்வளவும் என் அத்தை தொண்டை கிழியக் கத்தி வாங்கிக்கொடுத்தது. அந்த ஆளுக்குத்தான் ஆளுயரப் படம் வைத்து, குழந்தைகள் என்றால் உயிர் என்று எழுதுகிறார்கள்.

சித்தப்பா சொன்னாரே என்று வாட்ஸப்பில் அந்த வரியை நான் அழிக்கவில்லை. அன்று சாயங்காலம் அதற்குக் கீழே ஒரு பதில் வந்தது. தொப்பம்பட்டிக்கு அனுப்பப்பட்ட அந்த மாடி வீட்டுப் பெண், இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஒரு கோழிப் படத்தைப் போட்டிருந்தாள். வேறு ஓர் எழுத்துகூட இல்லை. சற்று நேரத்தில், எனக்குப் பெயர்கூட நினைவில்லாத ஒருத்தி இன்னொரு கோழி போட்டாள். "இது என்ன, எதுக்குக் கோழி?" என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கூப்பாடு போட்ட அந்த வாரமே அத்தையை அனுப்பிவிட்டார்கள். கொடைரோடு பக்கம் ஹாஸ்டலோடு ஒரு மில்லில் வேலை இருப்பதாக அப்பா விசாரித்து வைத்திருந்தார். புதன்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. அம்மா ஒரு டப்பாவில் புளிச்சாதம் கட்டிக்கொடுத்துவிட்டு, அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கறிவேப்பிலைத் தொட்டியில் குழி அப்படியே இருந்தது. அப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் யூனிஃபார்மில், முதுகில் பையோடு நின்றேன். என்னால்தான் அவள் போகிறாள் என்று எனக்கு ஏதோ மங்கலாகத் தெரிந்திருந்தது, ஆனால் எதனால் என்று தெரியவில்லை. மற்ற வீட்டுக்காரர்களும் சொன்ன பிறகு, குஞ்சு ஒன்று எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். ஏதாவது நல்லதாகக் கேட்கவேண்டும் என்று தோன்றியது. "அத்த, அந்தக் குஞ்சு கெடைச்சிருச்சா?" என்றேன்.

அவள் ஆட்டோவில் ஏறப்போனவள் திரும்பினாள். குனிந்து, என் பையின் வாரைச் சரிசெய்தாள். அவளுக்கு அவ்வளவு மெதுவாகப் பேசத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"கெடைச்சிருச்சுத்தா. இந்தா நிக்குதுல்ல."

நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே தண்ணீர் டிரம்மும் அப்பாவின் ஸ்கூட்டரும்தான் நின்றன. ஆட்டோ தெருமுனை திரும்பிப் போன பிறகும் நான் ஸ்கூட்டருக்கு அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தேன்.